மேடையேறும் கிட்டார்கள்

1964 அக்டோபரில் லண்டன் ஏபி ரோட்டிலிருந்த இஎம்ஐ ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடலுக்காகக் கூடியிருந்தார்கள். ஜான் லெனனின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்மேல் சாய்ந்திருந்தது. பால் மெக்கார்ட்னி பேஸில் ஒரு ‘ஏ’ சுரத்தைத் தட்டியபோது, யாரும் மீட்டாத லெனனின் கிட்டார் தானாக முனகத் தொடங்கி அலறலாக வளர்ந்தது. அந்த ஒலி அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. பாடலின் தொடக்கத்திலேயே அதை வைத்தார்கள்.

அந்தக் கிட்டார் கிப்சன் நிறுவனத்தின் ஜே-160இ. 1954இல் சந்தைக்கு வந்த மாடல். கழுத்து உடலோடு சேரும் இடத்தில், கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒரு காந்தப் பிக்கப் அதற்கு உண்டு. ஸ்பீக்கர் முன்னால் அலறக் கூடாது என்பதற்காக அதன் மேல்பலகையை ஒட்டுப்பலகையில் செய்து, அடியில் ஏணி அமைப்பில் குறுக்குச் சட்டங்கள் ஒட்டி விறைப்பாக்கியிருந்தார்கள். மின்னிணைப்பு இல்லாமல் வாசித்தால் அதன் ஒலி அடக்கமானது, சற்று மந்தமும்கூட. அவ்வளவு அடக்கி வைத்தும், ஆம்ப்ளிஃபயரை ஒட்டி வைத்ததும் அது குரலெழுப்பிவிட்டது.

மேடையில் வாசிப்பவர் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கப் போகும்போது முதலில் எழும் கேள்வி ‘மார்ட்டினா, டெய்லரா, கிப்சனா, யமஹாவா?’ என்பது. கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, எது காதுக்கு நிறைவாக இருக்கிறதோ அதை எடுத்து வருகிறோம். ஆனால் அறையில் நிறைவாக ஒலிக்க வைக்கும் அதே குணம்தான் மேடையில் கிட்டாரை ஊளையிட வைக்கிறது. பலருக்கு இது பணம் கொடுத்த பிறகே தெரியவருகிறது. இந்த முரணுக்கு ஒவ்வொரு நிறுவனமும் என்ன விடை கண்டது என்று பார்த்தால், பிராண்டுகளுக்கு இடையே இருக்கும் உண்மையான வேறுபாடு எது, விளம்பரத்தில் மட்டும் இருக்கும் வேறுபாடு எது என்பது தெளிவாகும்.

முதலில் கிட்டார் எப்படி ஒலிக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். கம்பி மெல்லியது, தனியாக அதிர்ந்தால் அதனால் காற்றைப் பெரிதாக அசைக்க முடியாது. அதன் அதிர்வு சேடில் என்னும் வெள்ளைத் துண்டின் வழியாகப் பிரிட்ஜுக்கும், அங்கிருந்து மேல்பலகைக்கும் இறங்குகிறது. ‘லைட்’ வகைக் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 முதல் 75 கிலோ எடைக்குச் சமம். அதை இரவும் பகலும் தாங்கும் பலகையின் தடிமனோ 3 மில்லிமீட்டர் அளவுதான். அந்தப் பலகை உடையவும் கூடாது, விரலின் மெல்லிய தொடுகைக்கு அசையாமல் நிற்கவும் கூடாது. கிட்டார் செய்பவரின் திறமை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

உள்ளே அடைபட்ட காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஒலியின் உயரத்தை மாற்றுவதைக் கச்சேரிகளில் பார்த்திருப்போம். கிட்டாரின் வட்டத் துளையும் அந்த வாயைப் போன்றதுதான். துளையருகே காற்று உள்ளும் வெளியும் ஊசலாடும் இயல்பான வேகம், முழு உடல் கிட்டார்களில் பெரும்பாலும் நொடிக்கு 100 முறையை ஒட்டி அமைகிறது. மேல்பலகையின் முதல் பெரிய ஒத்ததிர்வு 180 முதல் 220 ஹெர்ட்ஸுக்குள் எங்காவது விழும். இப்போது சுரங்களைப் பாருங்கள். தடித்த ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் கிடைக்கும் ‘ஜி’ 98 ஹெர்ட்ஸ். மூன்றாம் கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் ‘ஜி’ 196 ஹெர்ட்ஸ். கிட்டார் கற்கத் தொடங்கிய சில நாட்களிலேயே எல்லோரும் பிடித்துப் பழகும் ஜி கார்டில் இந்த இரண்டுமே இருக்கின்றன. அறையில் அந்தக் கார்டு நெஞ்சை நிறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேடையில் இதே விஷயம் தலைகீழாகிறது. வாசிப்பவரின் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர் அவரைப் பார்த்தபடி, அதாவது கிட்டாரின் மேல்பலகையைப் பார்த்தபடி இருக்கிறது. கிட்டாரிலிருந்து போன ஒலி அங்கே பெருகித் திரும்பி வந்து பலகையில் மோதுகிறது. பலகை அசைந்தால் கம்பியும் அசைகிறது. பிக்கப் அதையும் எடுத்து அனுப்புகிறது. ஒரு சுற்றில் இழப்பதைவிடப் பெறுவது கூடுதலாகிவிட்டால் ஒலி தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். பலகையும் காற்றும் எந்த அதிர்வெண்ணில் மிகச் சுலபமாக அசைகின்றனவோ அங்கேதான் இது முதலில் நடக்கும். அதனால்தான் அக்கூஸ்டிக் கிட்டாரின் ஊளை பெரும்பாலும் 100ஐ ஒட்டியோ 200ஐ ஒட்டியோ கிளம்புகிறது. சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸரில் அந்த இடத்தை வெட்டுகிறார். ஊளை நிற்கிறது. நாம் பணம் கொடுத்து வாங்கிய நிறைவும் அதோடு போய்விடுகிறது.

மார்ட்டின் நிறுவனத்தின் கதை, மைக் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் தொடங்குகிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நொய்கிர்ஹன் என்ற ஊரைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1833இல் நியூயார்க் வந்து கடை போட்டார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியா மாநிலத்து நசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். நிறுவனம் இன்றும் அங்கேதான் இருக்கிறது, அதே குடும்பத்தின் உடைமையாக. மேல்பலகையின் அடியில் இரண்டு சட்டங்களை எக்ஸ் வடிவில் ஒன்றையொன்று வெட்டுமாறு ஒட்டும் முறை 1840களில் அவர் பட்டறையில் உருவானது. அப்போது கிட்டாருக்குக் குடல் நரம்புகள்தான் பூட்டினார்கள். 1920களில் ஸ்டீல் கம்பி பரவியபோது இழுவிசை வெகுவாகக் கூடியது. எக்ஸ் அமைப்பு அதையும் தாங்கியது, பலகையையும் தாராளமாக அசையவிட்டது. இன்று உலகின் பெரும்பாலான ஸ்டீல் கம்பிக் கிட்டார்களுக்குள் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த எக்ஸ் தெரியும், தலைப்பகுதியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும்.

அதே மார்ட்டின் பட்டறை 1916இல் ஆலிவர் டிட்சன் என்ற இசை விற்பனை நிறுவனத்துக்காகப் பெரிய உடலும் அகன்ற இடுப்பும் கொண்ட ஒரு கிட்டாரைச் செய்து கொடுத்தது. பிரிட்டனின் ‘டிரெட்நாட்’ போர்க்கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1931இல் மார்ட்டின் தன் சொந்தப் பெயரில் அதை வெளியிட்டது. மஹோகனி உடலுடன் டி-18, ரோஸ்வுட் உடலுடன் டி-28 என்ற இரண்டும் அந்த வம்சம்தான். கீழ்ச்சுரங்கள் முழங்கும், பாஞ்சோவுக்கும் ஃபிடிலுக்கும் நடுவே மைக் இல்லாமலே கேட்கும். புளூகிராஸ் இசைக்காரர்கள் இன்றுவரை இதைக் கைவிடாததற்குக் காரணம் அதுவே.

அந்த முழக்கம் இன்றைய மேடையில் என்ன ஆகிறது? கீழ்ச்சுரங்களின் இடத்தைப் பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் கிக்கும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே அக்கூஸ்டிக் கிட்டாரும் நுழைந்தால் எல்லாம் சேர்ந்து குழம்பும். ஆகவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைச் சவுண்ட் இன்ஜினியர் முழுவதுமாகக் கழித்துவிடுகிறார். டி-28இன் பெருமையே அங்குதான் இருந்தது! ஒரு பாடகர் தனியாக நின்று, கிட்டாரின் முன்னால் ஒரு நல்ல மைக் வைத்து, அமைதியான அரங்கில் வாசித்தால் டி-28க்கு இணை மிக அரிது என்பது என் முடிவு. முழு இசைக்குழுவின் நடுவே அதைக் கொண்டுபோய் நிறுத்த நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மார்ட்டினிலேயே ஓஎம் என்ற சிறிய உடல் மாடல் இருக்கிறது. பெரி பெக்டெல் என்ற பாஞ்சோ கலைஞரின் தேவைக்காக 1929இல் உருவானது. உடலுக்கு வெளியே 14 ஃப்ரெட், இறுக்கமான கீழ்ச்சுரம், ஆறு கம்பிக்கும் சமமான ஒலி. குழுவோடு வாசிப்பவருக்கு மார்ட்டின்தான் வேண்டுமென்றால் இதுவே பொருத்தம்.

கிப்சனின் ஜே-45 இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் வந்தது. தோள்கள் சரிந்த உடல், மஹோகனி முதுகு. மார்ட்டின் டிரெட்நாட்டின் கம்பி நீளம் 25.4 அங்குலம், ஜே-45இல் 24.75. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. கணக்குப் போட்டால் ஜே-45இல் இழுவிசை சுமார் 5 சதவீதம் குறைவு. விரலுக்கு இதம், ஒலியும் மீட்டியவுடன் எழுந்து சீக்கிரம் அடங்குகிறது. தனித்து ரசிக்கும்போது இது குறையாகத் தோன்றலாம். பாடுபவருக்கோ இது வரம். சொற்களுக்கு நடுவே கிட்டார் நீண்டு ஒலித்துக்கொண்டிருக்காது, குரலுக்கு இடம் விட்டுவிடும். பாடிக்கொண்டே தாளமாக மீட்டுபவர்களுக்கு ஜே-45 ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு விளம்பரத்தைத் தாண்டிய காரணம் இது.

மார்ட்டினும் கிப்சனும் அறையிலிருந்து மேடைக்கு வந்தவை. மேடையிலேயே பிறந்தது ஓவேஷன். அதைச் செய்தவர் தச்சர் அல்லர், ஹெலிகாப்டர் தயாரித்தவர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சார்லஸ் கேமன் நடத்திய விமான நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு அன்றாட வேலையே அதிர்வை அடக்குவதுதான். சுழலும் இறக்கைகளின் அதிர்வு எங்கே பெருகும், எங்கே தேயும் என்று கணக்கிடத் தெரிந்தவர்கள். கேமனுக்குக் கிட்டார் வாசிக்கவும் வரும். அந்த அறிவை இசைக்கருவிக்குத் திருப்பினால் என்ன என்று 1966இல் அவர் கொண்டுவந்த கிட்டாரின் முதுகு மரமே இல்லை. கண்ணாடி நாரிழையும் பிசினும் சேர்த்து அச்சில் வார்த்த வளைந்த கிண்ணம். மேல்பலகை மட்டும் ஸ்ப்ரூஸ் மரம். தட்டையான முதுகும் தட்டையான மேல்பலகையும் எதிரெதிரே நிற்கும்போது உண்டாகும் நிலை அலைகளை வளைவு கலைத்துவிடும் என்பது அவர்களுடைய வாதம்.

அமெரிக்கப் பாடகர் கிளென் கேம்ப்பெல் 1969இல் தொடங்கிய தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஓவேஷன் வாசித்தார். கேமராவுக்கு முன்னால் மைக் ஸ்டாண்டில் கட்டுண்டு நிற்காமல், நடமாடியபடி அக்கூஸ்டிக் வாசிக்க வேண்டிய தேவை அப்போது வந்துவிட்டது. கிட்டாருக்குள்ளேயே பிக்கப்பையும், அதன் சைகையை வலுப்படுத்தும் ப்ரீஆம்பையும் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பும் வழக்கத்தை ஓவேஷன் பரப்பியது. 1970களின் நடுவில் வந்த அதன் ‘அடமாஸ்’ மாடலில் மேல்பலகையே கார்பன் நாரிழைதான். நடுவில் பெரிய துளை கிடையாது, தோள் பக்கத்தில் பல சிறு துளைகள். ஓவேஷனை மடியில் வைத்தால் வழுக்கும். மின்னிணைப்பு இல்லாமல் கேட்டால் ஒலி மெலிவு. ஆனாலும் ‘மேடைக்கென்று ஒரு அக்கூஸ்டிக்’ என்ற எண்ணத்தை இசையுலகில் நிலைநிறுத்தியது அதுதான். இன்று அதற்குப் போதிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே.

இப்போது பிக்கப்புக்கு வருவோம். மேடையில் ரசிகர் கேட்பது கிட்டாரின் மரத்தை அல்ல, பிக்கப் எதை எடுத்து அனுப்புகிறதோ அதைத்தான். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை ஜாக் கியூரியும் பியர் கியூரியும் 1880இல் கண்டறிந்தார்கள். இந்தப் பியஸோ விளைவைக் கொண்ட ஒரு மெல்லிய பட்டையைச் சேடிலுக்கு அடியில் வைத்துவிட்டால், கம்பி அதிரும்போது அழுத்தம் ஏறி இறங்கி, அதே வடிவில் மின்சைகை பிறக்கிறது. மைக்கைப் போலச் சுற்றியிருக்கும் காற்றை இது கேட்பதில்லை. ஊளைக்கு எளிதில் வளைந்து கொடுக்காது. ஆனால் காற்றைக் கேட்காததே இதன் குறையும்கூட. உடலுக்குள் சுழன்று துளை வழியே வெளிவரும் நிறைவை இது அறியாது. கம்பியைப் பலமாக மீட்டும் கணத்தில் சேடிலின்மேல் விழும் திடீர் அழுத்தத்தை மிகைப்படுத்தி அனுப்பும். மேலைநாட்டு இசைக்கலைஞர்கள் வாத்தின் குரலோடு சேர்த்து ‘குவாக்’ என்று சொல்லும் அந்தத் தட்டையான கீச்சொலி இப்படித்தான் வருகிறது. விலை உயர்ந்த கிட்டாரும் விலை குறைந்த கிட்டாரும் மலிவான பியஸோ வழியாகக் கேட்டால் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிப்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பியஸோ மின்சுற்றில் ஒரு சிறிய மின்தேக்கியாக நடந்துகொள்கிறது. அதைக் குறைந்த மின்மறுப்பு கொண்ட உள்ளீட்டில் நேரடியாகச் செருகினால் கீழ்ச்சுரங்கள் வடிந்துபோகும். குறைந்தது 1 மெகா ஓம் உள்ளீடு வேண்டும். மிக்ஸரின் சாதாரண லைன் உள்ளீடோ பத்துக் கிலோ ஓம் அளவில் இருக்கும். கிட்டாரின் பக்கவாட்டில் 9 வோல்ட் பேட்டரியோடு உட்கார்ந்திருக்கும் ப்ரீஆம்ப் இந்த இடைவெளியை நிரப்பத்தான். ப்ரீஆம்ப் இல்லாத பிக்கப்பை நேராக மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டு, ‘இந்தக் கிட்டார் தகரம்போல ஒலிக்கிறது’ என்று பிராண்டின்மேல் பழி போடுவது நம் மேடைகளில் அடிக்கடி நடக்கிறது.

இந்தப் புள்ளியில்தான் பிராண்டுகள் உண்மையாகவே பிரிகின்றன. ஜப்பானின் கிஃபு மாகாணத்தைச் சேர்ந்த டாகமினே, 1970களின் பிற்பகுதியில் ஆறு கம்பிக்கும் ஆறு தனித்தனிப் பியஸோ உணரிகளைப் பிரிட்ஜுக்கு அடியில் பதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒலியில் மென்மை குறைவாக இருக்கலாம். ஆனால் செருகினால் போதும், எந்த ஊரின் எந்த சவுண்ட் சிஸ்டத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் போன்றவர்கள் பெரிய மேடைகளில் அதை வாசித்ததற்கு அந்த நம்பகத்தன்மைதான் காரணமாக இருக்க முடியும். 1946இல் மெல்போர்னில் பில் மே தொடங்கிய மேட்டன், பியஸோவோடு கிட்டாருக்குள் ஒரு சிறு மைக்கையும் சேர்த்து, இரண்டையும் வேண்டிய அளவில் கலந்துகொள்ள விட்டது. கிட்டார் கலைஞர் டாமி இமானுவேல் ஒரே கிட்டாரில் பேஸ், தாளம், மெட்டு மூன்றையும் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு மேட்டனின் மேடை ஒலி எத்தகையது என்பது தெரியும். என் செவிக்கு, தனியாக விரல்களால் வாசிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆலைப் பிக்கப் வேறில்லை.

டெய்லர் இவர்களில் இளையது. 1974இல் கலிஃபோர்னியாவில் பாப் டெய்லரும் கர்ட் லிஸ்டக்கும் தொடங்கியது. மற்றவர்கள் மேல்பலகையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் கழுத்தைப் பற்றி யோசித்தார்கள். பழைய முறையில் கிட்டாரின் கழுத்து உடலோடு புறாவால் இணைப்பில் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கம்பியின் இழுவிசையில் கோணம் மாறி, கம்பி ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய நீராவி கொடுத்துப் பசையை இளக்கிக் கழற்ற வேண்டும். செலவும் அதிகம், கை தேர்ந்தவரும் வேண்டும். டெய்லர் போல்ட் போட்டு முடுக்கினார். 1999இல் வந்த அவர்களின் கழுத்து அமைப்பில், கணினி இயந்திரத்தில் வெட்டிய மெல்லிய தகடுகளை மாற்றியே கோணத்தைத் திருத்திவிடலாம். ஊர் ஊராகப் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

பிக்கப்பிலும் அவர்கள் வேறு வழியில் போனார்கள். சேடில் மேலும் கீழும் அழுத்துவதைவிட முன்னும் பின்னும் ஆடுவதே அதிகம் என்று கணித்து, 2014இல் மூன்று உணரிகளைச் சேடிலுக்கு அடியில் வைக்காமல் அதன் பின்புறம் பொருத்தினார்கள். கீச்சொலி கணிசமாகக் குறைந்தது. 2018இல் ஆண்டி பவர்ஸ் என்ற வடிவமைப்பாளர் எக்ஸ் சட்டத்துக்குப் பதிலாக வி வடிவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒலியளவும் நீடிப்பும் ஒருங்கே கூடும் என்றும், சுருதி சுத்தமாகும் என்றும் நிறுவனம் சொல்கிறது. உடலின் ஒத்ததிர்வுக்கு மிக அருகில் இருக்கும் சுரம் சற்றே இழுபட்டு விலகும் என்பது இயற்பியலில் அறிந்த விஷயம்தான். ஆகவே அந்த வாதத்தில் அடிப்படை உண்டு. டெய்லரின் ஒலி மேல்சுரங்களில் பளிச்சென்றும் கீழ்ச்சுரங்களில் கட்டுப்பாடாகவும் இருக்கும். அறையில் சிலருக்கு அது குளிர்ச்சியாகத் தோன்றும். இசைக்குழுவின் நடுவே அதுவே தெளிவாகிறது.

மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிட்டார் கடைகளில் அதிகம் பேசப்படுவதும், மேடையில் குறைவாகப் பயன்படுவதும் முதுகு மரத்தைப் பற்றிய பேச்சுதான். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். முதுகும் பக்கங்களும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்களாலான, மற்றபடி ஒரே வடிவமைப்புள்ள ஆறு கிட்டார்களை ஒருவரே செய்து கொடுத்தார். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். மங்கலான வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி அணிந்த 52 கிட்டார் கலைஞர்கள் அவற்றை வாசித்து மதிப்பிட்டார்கள். மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. மிக விலை உயர்ந்த பிரேசில் மரமும் மலிவான மரமும் அவர்கள் கைக்கும் காதுக்கும் ஒன்றாகவே இருந்தன.

இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி. ஈட்டி என்றும் சொல்வோம். பிரேசில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு, 1969 முதல் மார்ட்டின் டி-28இன் முதுகு இந்த மரம்தான். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான தடைப் பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தாலான பழைய கிட்டாரோடு எல்லை கடக்கும் கலைஞர் உரிய சான்றிதழ் கையில் வைத்திருக்க வேண்டும். இந்திய ரோஸ்வுட் உள்ளிட்ட மற்ற ரோஸ்வுட் வகைகளும் 2017இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்கு கிடைத்தது. தமிழ்நாட்டில் தோதகத்தி மரங்களைக் காக்க 1990களிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வெளிநாடு போகும் இசைக்குழுவுக்கு முதுகு மரம் என்ன என்ற கேள்வி ஒலியைவிடச் சுங்கச் சோதனையில்தான் அதிகம் உதைக்கும்.

யமஹாவைக் கடைசியில் வைத்தது அது சிறியது என்பதால் அல்ல. 1966இல் அந்த நிறுவனம் எஃப்ஜி வரிசை ஸ்டீல் கம்பிக் கிட்டார்களை வெளியிட்டது. 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டு தனியாக வாசித்தது ஒரு எஃப்ஜி-150ஐத்தான். தமிழ்நாட்டில் கிட்டார் பழகியவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் கிட்டார் எஃப்310. சென்னைக்கு அருகிலேயே யமஹாவின் தொழிற்சாலை 2019 முதல் இயங்குகிறது. கிட்டார்களும் அங்கே தயாராகின்றன. விலை குறைந்த மாடல்களின் உடல் ஒட்டுப்பலகையால் ஆனது. இதைக் குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். மேடைக்கும் நம் பருவநிலைக்கும் வரும்போது கணக்கு மாறுகிறது.

முழுப் பலகை மரம் ஈரத்தை உறிஞ்சினால் இழைக்குக் குறுக்கே விரியும். காய்ந்தால் சுருங்கும். அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் ஆலைக் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு கிட்டார் செய்கின்றன. சென்னையின் கடற்காற்றில் 70 சதவீதத்துக்கு மேல் சர்வசாதாரணம். மேல்பலகை உப்பி, பிரிட்ஜ் உயர்ந்து, கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். அதே கிட்டாரைக் குளிரூட்டிய அரங்கில் சில மணி நேரம் வைத்தால் பலகை சுருங்கி, கம்பி ஃப்ரெட்டில் உரசிச் சலசலக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் பசையே இளகலாம். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இழையோடுவதால் இந்த விரிவும் சுருக்கமும் மிகக் குறைவு. விறைப்பு அதிகம் என்பதால் ஊளையும் குறைவு. கோயில் திருவிழாவுக்கும் திருமண மண்டபத்துக்கும் வேனில் போய்வரும் மெல்லிசைக் குழுக் கலைஞருக்கு, முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகை, மேல்பலகை மட்டும் முழுமரம் என்ற யமஹாவின் எஃப்ஜி வகைக் கலவை மிக நியாயமான தேர்வு. வானிலையே பொருட்டில்லை என்று வேண்டுபவருக்கு ரெயின்சாங் போன்ற நிறுவனங்களின் கார்பன் நாரிழைக் கிட்டார்கள் உண்டு.

எந்தப் பெயரை நம்பினாலும் ஒரு எச்சரிக்கை தேவை. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டர் பலகையை 2.7 ஆக இழைத்தால் விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடும். இதோடு, ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளே விறைப்பில் வேறுபடும். ஆக, ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில் அடுத்தடுத்த இரண்டு கிட்டார்களின் ஒலி, இரு நிறுவனங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைவிட அதிகமாகவே விலகி நிற்கலாம். பெயரைப் பார்த்து இணையத்தில் வாங்காமல் கையில் எடுத்து வாசித்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

வாசித்துப் பார்க்கும் விதமும் மாற வேண்டும். மேடைக்கு வாங்குபவர் கடையில் ஒரு ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கி, கிட்டாரைச் செருகி, நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். ஸ்பீக்கரை நேராகப் பார்த்து நின்று, கம்பிகளை உள்ளங்கையால் மூடியபடி ஒலியை மெல்ல ஏற்றினால் எந்தக் கட்டத்தில் முனகல் தொடங்குகிறது, எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு துளையில் ரப்பர் மூடியை வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். மூடி உள்ளிருக்கும் காற்றின் ஊசலாட்டத்தை நிறுத்துகிறது. 100 ஹெர்ட்ஸ் ஊளை பெரும்பாலும் அடங்கிவிடும். சேடிலுக்கு அடியிலுள்ள பிக்கப்புக்குத் துளை தேவையில்லை என்பதால் ரசிகருக்குப் போகும் ஒலி அவ்வளவாகக் கெடாது. ப்ரீஆம்பில் ‘ஃபேஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். சைகையை அது தலைகீழாக்குவதால், ஸ்பீக்கரிலிருந்து வரும் அலை பலகையைத் தள்ளுவதற்குப் பதில் எதிர்த்து நிற்கக்கூடும். மூடியும் பொத்தானும் சேர்ந்தும் அடக்க முடியாத கிட்டாரை, அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், வீட்டுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வைத்துக்கொள்வதே சரி.

ஒரு குறிப்பிட்ட தொகையோடு வந்து ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் அவர் யாரோடு வாசிக்கிறார் என்று கேட்பேன். டிரம்ஸும் பேஸும் உள்ள குழு என்றால் டாகமினே அல்லது டெய்லர், அந்த விலை எட்டாவிட்டால் பிக்கப் பொருத்தி வரும் யமஹா எஃப்ஜிஎக்ஸ். தனியாகப் பாடிக்கொண்டே மீட்டுபவர் என்றால் ஜே-45 வடிவம். அந்த வடிவத்தில் கிப்சன்தான் வேண்டும் என்பதில்லை. எதுவானாலும் தொகை முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிட வேண்டாம். ஒரு பகுதியை ஒதுக்கி, சேடில் உயரத்தையும் கழுத்தையும் நம் ஊர்க் காற்றுக்கு ஏற்பத் திருத்தித் தரும் நல்ல கைவினைஞருக்கும், கிட்டாரின் சைகையை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட சொந்த டிஐ பாக்ஸுக்கும் செலவிடுங்கள். மண்டபத்தில் இருக்கும் டிஐ பாக்ஸ் எத்தகையது என்று முன்கூட்டித் தெரியாது. பையில் இருப்பதை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி செருகலாம்.